எதிர்ப்பொருள் இல்லாத தேனீக்குத் தடுப்பு மருந்தா?

தேனீக்களுக்கான முதல் தடுப்பு மருந்துக்கு அமெரிக்க வேளாண் துறை 2023 ஜனவரியில் அளித்தது காலவரம்புள்ள நிபந்தனை உரிமம். அதைப் பற்றி வாசகர் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே கேள்வி: எதிர்ப்பொருளே சுரக்காத பூச்சியிடம் தடுப்பு மருந்து எப்படி வேலை செய்யும்? கேட்க வேண்டிய கேள்விதான். நிபந்தனை உரிமம் என்றால் மருந்து தூய்மையானது, தீங்கற்றது, பலன் தரும் என நியாயமாக எதிர்பார்க்கலாம் என்பதே பொருள். பலன் முழுமையாக நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

பூச்சியின் உடல் கிருமியை முழுதாகப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிரும் பெப்டிடோகிளைக்கான் துணுக்கே அதற்குத் துப்பு. பழ ஈயில் ஒருவகைத் துணுக்கு 'டோல்' பாதையையும், இன்னொரு வகை 'இம்ட்' பாதையையும் தூண்டும். சில மணி நேரத்தில் கொழுப்புத் திசு கிருமிக்கொல்லிப் புரதங்களை உடல் திரவத்தில் கொட்டிவிடும். டோல் பாதையின் நோயெதிர்ப்புப் பங்கை 1996-இல் காட்டிய குழுவின் தலைவர் ஜூல்ஸ் ஹாஃப்மன் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் நம் உடலில் போல, வந்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் லிம்ஃபோசைட் செல்கள் பூச்சிக்குக் கிடையாது. தேனீயின் நிலை இன்னும் மோசம்: பழ ஈயிடம் உள்ள நோயெதிர்ப்பு மரபணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதற்கு உண்டு என்று 2006-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது.

இங்கேதான் என்னை வியக்க வைக்கும் ஏற்பாடு வருகிறது. கொல்லப்பட்ட 'பேனிபேசில்லஸ் லார்வே' கிருமியைச் சர்க்கரைத் தீனியில் கலந்து, ராணியோடு இருக்கும் பணித் தேனீக்களுக்குக் கொடுக்கிறார்கள். அவை சுரக்கும் ராயல் ஜெல்லி வழியாகக் கிருமித் துணுக்கு ராணியின் குடலுக்குப் போகிறது. அங்கிருந்து அதைப் பிடித்து முட்டைக்குள் கொண்டு சேர்ப்பது வைட்டலோஜெனின். முட்டைக்கு ஊட்டம் சேர்க்கும் அதே புரதம்தான்! ஊட்டத்தோடு எச்சரிக்கையும் போகிறது. இந்தக் கிருமி தரும் புழு அழுகல் நோய், பொரிந்து ஓரிரு நாள் ஆன புழுவைத்தான் எளிதில் தாக்கும். பத்து ஸ்போர்கள்கூடப் போதும். தானாகப் பழகிக்கொள்ள அந்தப் புழுவுக்கு அவகாசமே இல்லை. தாய்தான் எச்சரிக்கையை முன்கூட்டி அனுப்பியாக வேண்டும்.

ஆனால் 2015-இல் பின்லாந்து ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் உறுதியாகக் காட்டியது துணுக்கின் பயணத்தை. அது புழுவுக்குள் போய் எதை, எவ்வளவு நேரம் தூண்டுகிறது என்பது அந்த அளவுக்குத் தெளிவாகவில்லை. அதே ஆய்வில் வைட்டலோஜெனின் ஈ.கோலை துணுக்கையும் ஏற்றிச் சென்றது. அப்படியானால், குறிப்பிட்ட ஒரு நோய்க்கான காப்பு என்பது எங்கிருந்து வருகிறது? எச்சரிக்கை ஓயாமல் ஒலித்தாலும் ஆபத்துதான். துணுக்குகளை வெட்டிப்போட்டு எதிர்ப்பை அடக்கும் நொதி இல்லாத பழ ஈக்களின் ஆயுள் குறைகிறது.

பலன் கிடைத்தால் போதாதா, வழி தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். வெளியான முக்கியச் சோதனையில் மருந்துக் கம்பெனியைச் சேர்ந்தவர்களும் பங்கேற்றார்கள். அதுவும் புழுச் சாவு குறைந்ததாகத்தான் சொல்கிறது, நின்றுவிட்டதாக அல்ல. செத்த புழுவைத் தீக்குச்சியால் குத்தி இழுத்தால் பழுப்புநிறக் கோழை நூலாக நீளும்; அதில் கோடிக்கணக்கில் ஸ்போர்கள். பெட்டியின் மரத்தில் அவை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். 'மருந்து கொடுத்தாயிற்று' என்று அந்தப் பெட்டியை எரிக்காமல் விடுபவர் பக்கத்துத் தேனீத் தோட்டத்துக்கும் நோயை அனுப்புவார். எவ்வளவு காப்பு, எத்தனை நாள் என்பது தெரியாமல் அவர் முடிவெடுக்க முடியாது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்: நோய் வந்த கூட்டை மருந்து குணப்படுத்துமா? குணப்படுத்தாது.

ஊசி போடுவார்களா? இல்லை, தீனி வழிதான்.

ராணியை மாற்றினால்? புது ராணிக்கு மறுபடி கொடுக்க வேண்டும்.

நம் இந்தியத் தேனீக்கு? 1990-களில் தென்னிந்தியக் கூடுகளை அழித்தது தாய் சாக்புரூட் வைரஸ். பாக்டீரியாவுக்கான இந்த மருந்து அதற்கானது அல்ல.

முழு உரிமம் தருமுன், கம்பெனியைச் சாராதவர்கள் தேனீத் தோட்டங்களில் நடத்திய சோதனைகளின் முடிவுகளை அமெரிக்க வேளாண் துறை பொதுவில் வைக்க வேண்டும்.