உங்களுக்குத் தெரியுமா? லீவு போட்டும் தீராத அசதி

◆ ஐ.டி. கம்பெனி முதல் ஆஸ்பத்திரி வரை இன்று அடிபடும் ‘பர்ன்அவுட்’ ஆய்வேடுகளுக்குள் நுழைந்தது ஓர் இலவச கிளினிக்கிலிருந்து. உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் நியூயார்க்கில் பகலெல்லாம் சொந்த பிராக்டீஸ் பார்ப்பார். இரவானால் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கு இலவச சிகிச்சை. தானும் வற்றி, கூட வந்த தொண்டர்களும் வற்றிப்போவதைப் பார்த்து 1974-ல் கட்டுரை எழுதினார். சீக்கிரம் துவண்டுபோனவர்கள் சோம்பேறிகள் அல்ல, மனசாட்சிக்கு வேலை செய்தவர்கள்தான் என்கிறது அது.

◆ அசதி மட்டும் இருந்தால் பர்ன்அவுட் ஆகிவிடாது. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் மூன்று விஷயங்களைத் தேடுகிறது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் வற்றிப்போவது ஒன்று. எதிரில் இருக்கும் மனிதர்மேல் மனசு மரத்துப்போவது இரண்டாவது. ‘என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது?’ என்ற விரக்தி மூன்றாவது.

இரண்டாவதைத்தான் சுற்றியிருப்பவர்கள் ‘திமிர்’ என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி வார்டில் காது கொடுத்துக் கேளுங்கள். சேர்ந்த புதிதில் ‘பாட்டிக்கு டிரிப்ஸ் முடியப்போகுது’ என்று ஓடிய அதே நர்ஸ், சில வருஷம் போனால் ‘பன்னண்டாம் பெட் மறுபடி கூப்பிடுது’ என்பார். போவார், பாட்டிலைப் பார்ப்பார், ஊசியைச் சரிசெய்வார், பாட்டியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வார்டு முழுவதையும் தனி ஆளாகப் பார்ப்பவருக்கு, ஒவ்வொருவருக்காகவும் மனசு உருகினால் விடியும்வரை தாங்காது. மனசின் கதவைப் பூட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பூட்டு திறக்காது. பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது ‘ம்… ம்…’ என்று மட்டும் பதில் வருகிறதென்றால் கவனிக்க வேண்டும்.

◆ உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் (2022 முதல் நடைமுறையில் உள்ள 11-ஆவது பதிப்பு) பர்ன்அவுட் இருக்கிறது, ஆனால் நோயாக அல்ல. வேலையிடம் சார்ந்த நிகழ்வாக.

◆ அதற்காக எல்லா அசதியையும் ஆபீஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே போலத்தான் ஆளை அடித்துப் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வேலை மட்டுமல்ல, பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு எதுவுமே ருசிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

◆ ஊட்டிக்குப் போய்வந்தால் சரியாகிவிடுமா? இஸ்ரேல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தாக்களை விடுமுறைக்கு முன்னும் பின்னும் அளந்து 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. விடுமுறையில் பர்ன்அவுட் இறங்கியது உண்மை. திரும்பிய மூன்றாம் நாளே ஏற ஆரம்பித்து, மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு டூரைவிட, தினமும் வேலையை மறந்திருக்கும் இரண்டு மணி நேரம் மேல் என்பது என் கட்சி.

◆ மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வேலையிடத்தில் ஆறு இடங்களைத் தட்டிப்பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, நம் வேலையில் நமக்குள்ள அதிகாரம், கிடைக்கும் கூலியும் பாராட்டும், சகாக்களோடு உறவு, நியாயம், மனசாட்சிக்கு ஒத்துவருகிறதா என்பது. பல கம்பெனிகள் இந்த ஆறையும் தொடாமல் யோகா வகுப்பு மட்டும் வைக்கின்றன. அதுவும் ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு! அடுத்த வார ஷிப்டை முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், பத்து நாள் முன்னதாக ஒட்டினாலே பாதி பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதற்குச் செலவும் கிடையாது.

◆ ஒரே மாதத்தில் 100 மணி நேரம், அல்லது சில மாதங்களுக்குச் சராசரியாக மாதம் 80 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தவர் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்தால், வேலைதான் காரணம் என்று ஏற்க ஜப்பானில் அந்த ஓவர்டைமே வலுவான ஆதாரம். இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கவே 2014-ல் தனிச் சட்டம் போட்டார்கள்.

◆ வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்ன கணக்கு. 70 மணி நேரம் உழைக்கச் சொல்லும் முதலாளிகள் இதைப் படித்தார்களா தெரியவில்லை.

◆ நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் 1984-ல் 18 வயதுப் பெண் இறந்தாள். பார்த்தவர்கள் ஓய்வில்லாமல் டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். தந்தை விடாமல் போராடியதில் 1989-ல் அந்த மாநிலம் பயிற்சி டாக்டர்களுக்கு உச்சவரம்பு வைத்தது: வாரத்துக்கு 80 மணி நேரம். வரம்பே 80!

◆ மேலே சொன்ன ‘நம் வேலையில் நமக்குள்ள அதிகாரம்’ எவ்வளவு சின்னதாகத் தொடங்குகிறது என்பதற்கு நம் ஊர் ஜவுளிக்கடைகளே சாட்சி. கூட்டமே இல்லாத மத்தியானத்திலும் விற்பனைப் பெண்கள் சுவரில் சாயக்கூடாது என்பதே வழக்கமாக இருந்தது. கால் வீங்கினாலும் நிற்க வேண்டியிருந்தது. கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. நாற்காலி வந்துவிட்டது. அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று, அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது ஒரு பார்வை பாருங்கள்.