தோலிருக்கை மாற்றுதல்

சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பரொருவருடன் அவருடைய மோட்டார் வண்டியிலே திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, விராலிமலையைக் கடந்து, அவரது சொந்த ஊராகிய மருங்காபுரிக்குச் சென்றோம். வண்டியின் முன்னிருக்கைகள் இரண்டும் தோலால் மூடப்பட்டவை. ஓட்டுநர் இருக்கையின் அடிப்பாகத்தில் வலப்புற விளிம்பு வெடித்து, உள்ளிருந்த ஸ்பாஞ்சு வெளியே தெரிந்தது. இடப்புற இருக்கையோ புதியது போலவே இருந்தது. "இவ்விரண்டன் உறையையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் என்ன?" என்று நண்பர் வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியபோது யாம் கற்றவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். பச்சைத் தோல் சில நாட்களில் அழுகிவிடும். அதை அழுகாமல் நிலைபெறச் செய்வதே பதனிடுதல். மருங்காபுரி செல்லும் வழியில் வறண்ட மேட்டுநிலங்களில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியை அறியாதார் இலர். அதன் பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தே பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டில் தோலைப் பதப்படுத்தியது. ஆவாரையால் பதனிட்ட தோல் வெயிலில் செந்நிறம் அடையும் இயல்புடையது. அதனைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீரில் ஊறவைப்பர். இங்ஙனம் பதனிட்ட தோல் சென்னை, திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் முதலிய ஊர்களிலிருந்து 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்னும் பெயருடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மணப்பாறையின் மாட்டுச்சந்தையை அறிந்தோர்க்கு, இத்தொழிலுக்குரிய மூலப்பொருள் இந்நாட்டில் எவ்வளவு மலிந்திருந்ததென்பது தானே விளங்கும்.

எனினும் மோட்டார் வண்டியின் இருக்கைக்குப் பெரும்பாலும் வேறு முறையிற் பதனிட்ட தோலே பயன்படுகின்றது. 1884-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் அம்முறையைச் சென்னையில் பரப்பினார். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. குரோமியத் தோல் மிகுந்த வெப்பத்தையும் சுருங்காமல் தாங்குவது. மென்மையாக வளைந்து கொடுப்பது. ஆதலின் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது ஏற்றது. விலை குறைந்த வண்டிகளில் நாம் காணும் ரெக்சின் தோலன்று. இங்கிலாந்தில் துணியின்மீது ஒருவகைப் பூச்சேற்றிச் செய்யப்பட்ட ஒரு சரக்கின் வியாபாரப் பெயரே பின்னர் அவ்வகைப் போலித்தோல் அனைத்திற்கும் வழங்கலாயிற்று.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். நம் நாட்டு வண்டியில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கின்றார். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவுப் பக்கமாகிய வலவிளிம்பின்மீதே உராய்கின்றார். ஆதலின் அவ்விளிம்பே முதலில் வெடிக்கும். இடப்புற இருக்கைக்குக் கதவுப் பக்கம் இடவிளிம்பு. இரண்டு உறைகளும் இடக்கையும் வலக்கையும் போன்றவை. ஒன்றன் சட்டையை மற்றொன்றுக்கு இட முடியாது. நெம்புகோல்கள் வெளிவரும் துளைகளும், பெல்ட்டின் பூட்டு நிற்கும் இடமும் மாறுபடும். ஆகவே இடத்தை வலமாக்குதல் இயலாது; அதே வகை வண்டியின் ஓட்டுநர் இருக்கை உறையே வேண்டும்.

இதனை அறிந்த நண்பர், திருச்சிராப்பள்ளியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடமிருந்து அதே வகை வண்டியொன்றின் ஓட்டுநர் இருக்கை உறைகளை, அடிப்பாகம் சாய்மானம் இரண்டுமாக, விலைக்கு வாங்கினார். அவற்றுடன் குஷன் வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் சென்றோம். வேலையில் உடனிருந்து உதவ அவர் எம்மையும் அனுமதித்தார்.

அவர் முதலிற் செய்தது எமக்கு வியப்பளித்தது. இருக்கையைத் தொடாமல் வண்டியின் முன்மூடியைத் திறந்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, வெற்றிலை போட அமர்ந்துவிட்டார். காரணம் பின்னர் விளங்கிற்று. அவ்வண்டியின் சாய்மானத்திற்குள்ளே, கதவுப் பக்கமாக, ஒரு காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த பொழுதில் விரிந்து, அமர்ந்திருப்பவரின் விலாவைக் காக்கும். பாட்டரியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அதன் சுற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகையால் வண்டியின் கையேடு கூறும் அளவு காத்திருத்தல் வேண்டும். காற்றுப்பைக்குரிய கம்பி இணைப்புகள் மஞ்சள் நிறமுடையவை. மஞ்சளைக் கண்டவிடத்துக் கை நிதானிக்க வேண்டும் என்பதே அப்பெரியவரின் விதி.

இருக்கை தரையில் நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தது. இருக்கையைப் பின்னே தள்ளி முன்னிரண்டையும், முன்னே தள்ளிப் பின்னிரண்டையும் கழற்றினோம். அடியிலுள்ள கம்பி இணைப்புகளை விடுவித்து, இருக்கையை வெளியே எடுத்துப் பழம்போர்வையின்மேல் வைத்தோம். தலையணையையும் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடிகளையும் நெம்புகோலின் பிடியையும் நீக்கியபின், சாய்மானத்தையும் அடிப்பாகத்தையும் பிரித்தோம்.

உறை எவ்வாறு நிற்கின்றதென்பது இங்கேதான் புலப்படும். அடிப்பாகத்தின் ஓரங்களில் உறையோடு தைக்கப்பட்ட பிளாஸ்டிக் கொக்கிகள் இரும்புச் சட்டத்தின் விளிம்பைக் கவ்வியிருக்கும். நடுவில் உறை பள்ளமாக உள்வாங்கித் தோன்றும் கோடுகளின் அடியில் நீண்ட கம்பிகள் செருகப்பட்டு, ஸ்பாஞ்சுக்குள் பதிந்த கம்பிகளோடு சிறு இரும்பு வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வளையங்களைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தல் வேண்டும். இழுத்தால் ஸ்பாஞ்சு கிழிந்துவிடும். யாம் உறையைக் கழற்றிய மகிழ்ச்சியில் அதனைக் கம்பிகளோடு மூலையில் எறிந்தோம். பெரியவர் சிரித்து, "தம்பி, முதுகெலும்பை எறிந்துவிட்டு உடம்பை எங்கே நிறுத்துவீர்கள்?" என்றார். வாங்கிய உறையில் அக்கம்பிகள் இருக்கவில்லை. பழையதிலிருந்து உருவி, அதற்கு மாற்றினோம்.

அடுத்துச் சாய்மானத்தின் உறையை மாற்ற வேண்டியதுதான் என்று எண்ணினோம். பெரியவரோ வாங்கிய உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதனைக் கீழே வைத்துவிட்டார். "இது ஆகாது ஐயா" என்று நண்பரிடம் சொன்னார். நிறமும் அளவும் ஒன்றாயிருக்க, ஏன் ஆகாதென்று நண்பர் சற்றுச் சினத்துடன் கேட்டார். கொடுத்த பணம் அவருக்குச் சிறிதன்று. பெரியவர் இரண்டு உறைகளின் பக்கத் தையலையும் அருகருகே காட்டினார். நண்பரின் வண்டியிலுள்ள உறையில், காற்றுப்பை இருக்கும் இடத்துத் தையல், உள்ளிருந்து அழுத்தம் வந்தால் உடனே பிரியுமாறு தனி நூலால் இடப்பட்டது. வாங்கியதோ காற்றுப்பை இல்லாத முந்திய ஆண்டுப் படைப்பின் உறை. அதன் தையல் பிரியாதவாறு உறுதியாக இடப்பட்டது. அதனைப் போட்டால் இருக்கை அழகாயிருக்கும். மோதல் நேரும் நாளில் மட்டும் பை விரிய வழியின்றித் தடைப்படும், அல்லது தவறான பக்கம் விரியும். கடையில் விற்கும் இறுக்கமான மேலுறைகளை அவ்விடத்தை மூடுமாறு மாட்டினாலும் இதே தீங்குதான்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. அவ்வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுபவர், நாள்தோறும் மணப்பாறைக்குச் சென்று வரும் அவருடைய தமக்கையார் என்பதை யாம் அறிவோம். பிறகு, "அக்கா அமரும் இடம் இது. பெரியவர் சொன்னபடியே ஆகட்டும்" என்றார். வழியும் எளிதாகவே கிடைத்தது. வெடித்தது அடிப்பாகமேயன்றிச் சாய்மானமன்று. காற்றுப்பை இருப்பது சாய்மானத்திலேயன்றி அடிப்பாகத்திலன்று. ஆகவே அடிப்பாகத்திற்கு வாங்கிய உறையையும், சாய்மானத்திற்குப் பழைய உறையையுமே வைப்பதென முடிவாயிற்று. இடப்புற இருக்கையாயின் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: ஆள் அமர்ந்திருப்பதை அறியும் மெல்லிய கருவி பல வண்டிகளில் அதன் அடிப்பாகத்தில் உறையின்கீழ் இருக்கும், அதனை மடிக்கவோ நகர்த்தவோ கூடாது.

புதிய உறையைப் பூட்டுதல், கழற்றுதலினும் பொறுமை வேண்டுவது. தோலை முதலில் வெயிலில் சற்றே வெதுவெதுப்பாக்கினால் இளகிக் கொடுக்கும். நடுக்கோட்டை முதலிற் பொருத்தி, வளையங்களை நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றுவிட்டொன்றாக இறுக்கிச் செல்லல் வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் சென்றால் கோடு கோணும். பின்னர் ஓரக் கொக்கிகளை மாட்டி, எஞ்சிய சுருக்கங்களை உள்ளங்கையால் விளிம்பை நோக்கித் தேய்த்து நீக்கினோம். இருக்கையை வண்டியில் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகி, பின்பு கையேடு கூறிய இறுக்கத்திற்கு டார்க் ஸ்பானரால் முறுக்கினோம். மஞ்சள் இணைப்பு உட்பட யாவற்றையும் மாட்டிய பின்னரே பாட்டரியை இணைத்தோம். வண்டியின் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைந்தது. அது அணையாதிருந்தால் வண்டியை ஓட்டலாகாது. புதிய அடிப்பாகமும் பழைய சாய்மானமும் நிறத்தில் சிறிது வேறுபட்டன. அதனை நண்பர் குறையாகக் கொள்ளவில்லை.

தோல் வேலையையும் அதனைச் செய்வோரையும் தாழ்வாக நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாள் நிலவியது. இன்றும் முற்றும் ஒழிந்ததன்று. ஆயினும் அன்று எம் கையிலிருந்த நூலறிவு அத்தையலின் வேற்றுமையைக் காணவில்லை. பெரியவரின் கண்ணே கண்டது. வருவாய் குறையுமென்று அறிந்தும் அவர் வாயே அதனைச் சொல்லிற்று. இரண்டு உறைகளுக்குப் பேசிய கூலியை நண்பர் குறையாமல் கொடுக்க முற்பட்டார். பெரியவரோ ஓர் உறைக்குரியதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்க எழுந்தார்.