பதினாறு பெயர்களில் பதினைந்து

அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தீர்மானிப்பவை, மாநிலங்களின் சார்பில் நியமிக்கப்படும் தேர்வாளர்கள் அளிக்கும் வாக்குகளே. இவர்களை நியமிக்கும் முறையை 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு வரையறுக்காமல் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டதால், பெரும்பான்மை பெற்ற கட்சி தனக்கு ஏற்ற முறையைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றிக்கொள்ள முடிந்தது. 1800ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக வர்ஜீனியா தொகுதிமுறையைக் கைவிட்டு மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கியது ஜெஃபர்சனுக்கு உதவவே. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நியமன உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது ஆடம்ஸுக்கு உதவவே.

இந்தப் போக்கின் உச்சம் பென்சில்வேனியாவில் வெளிப்பட்டது. 1796இல் அங்கே வாக்காளர்களே மாநில அளவில் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொருவரும் 15 பெயர்களைக் கையால் எழுதிய சீட்டை அளிக்க வேண்டியிருந்ததால், ஜான் பெக்லி என்னும் கட்சி அமைப்பாளர் ஆயிரக்கணக்கான சீட்டுகளை முன்னதாகவே எழுதுவித்து மாநிலமெங்கும் பரப்பினார். ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சியினர் (இன்று அப்பெயரில் இயங்கும் கட்சி வேறு) 13 பேரும், ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சியினர் இருவரும் வென்றனர். அந்த இருவரில் ஒருவரான சாமுவேல் மைல்ஸும் ஜெஃபர்சனுக்கே வாக்களித்துத் தம் கட்சியினரைக் கொதிக்க வைத்தார்.

1800இல் தேர்வாளர் நியமனத்துக்குப் புதிய சட்டம் தேவைப்பட்டபோது, குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த பிரதிநிதிகள் அவை பழைய முறையையே கோர, ஃபெடரலிஸ்டுகளின் கையிலிருந்த செனட் தொகுதிமுறையை வலியுறுத்தியது. அக்டோபர் தேர்தலில் குடியரசுக் கட்சி பெருவெற்றி பெற்றும், செனட் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே ஆண்டுதோறும் மாறுவர் என்பதால், 13 ஃபெடரலிஸ்டுகள் 11 எதிர்க்கட்சியினரை மிஞ்சி நின்றனர். பொதுத் தேர்தல் நடத்தக் காலம் கடந்துவிட்ட நவம்பரில், ஆளுநர் தாமஸ் மெக்கீன் லான்காஸ்டரில் சிறப்புக் கூட்டம் கூட்டினார். இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து வாக்களித்தால் குடியரசுக் கட்சிக்கே 15 இடங்களும் போய்விடும் என்பதால், பெயர்களை முன்மொழியும் உரிமையில் சம பங்கு கிடைக்காமல் செனட் இறங்கிவரவில்லை. இறுதியில் ஒவ்வோர் அவையும் 8 பெயர்களை முன்மொழிய, அந்த 16இலிருந்து 15 பேரைக் கூட்டு அமர்வு தேர்ந்தெடுப்பது என உடன்பாடு ஏற்பட்டது.

டிசம்பர் 3ஆம் நாள் ஜெஃபர்சனுக்கு 8 வாக்குகளும் ஆடம்ஸுக்கு 7 வாக்குகளும் விழுந்தன. மாநில மக்களின் மனம் அக்டோபரிலேயே தெளிவாகியிருந்த நிலையில், இதை உடன்பாடு என்பதைவிடச் செனட்டின் வெற்றி என்பதே பொருந்தும். பொது வாக்கெடுப்பு மீண்ட 1804இல், பென்சில்வேனியாவின் 20 வாக்குகளும் ஜெஃபர்சனுக்கே சென்றன.