விளக்கும் எரிய வேண்டும், எண்ணெயும் மிஞ்ச வேண்டும்



'கேம்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருக்கு நினைவு வருவது, போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டையும் மறந்து கிடக்கும் பிள்ளைகள்தான். நான் எழுத வந்தது கேம் விளையாடுவதைப் பற்றியல்ல. வீட்டில் இருந்தபடி ஒரு கேமை உருவாக்குவது பற்றியும், அந்த வேலை ஆளையே எரித்துவிடாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் எழுதுகிறேன். வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டு மூலையொன்றில் ஒன்றரை வருடமாக இந்த வேலை நடக்கிறது. உயர்தரம் முடித்த என் மகளும், மருதமுனையிலும் காரைதீவிலும் இருக்கும் அவளது இரண்டு தோழிகளும் சேர்ந்து சிறியதொரு கணினி விளையாட்டைச் செய்துவருகிறார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தையல், பன்வேலை, கைத்தறி, இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பது என்று வீட்டோடு இருந்து பிழைக்கும் எல்லோருக்கும் இதே கதைதான். நேரக் கணக்கு இல்லை. 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஒரு மேலதிகாரி இல்லை. ஏற்கெனவே வீட்டில்தானே இருக்கிறோம்! அதனால் வேலை சமையலறைக்கும் வருகிறது, படுக்கைக்கும் வருகிறது.

ஒரு கேமுக்குள் எத்தனை வேலை

பெரிய கம்பனிகளில் ஒரு கேமை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்வார்கள். கம்பனி எதையும் சாராமல் ஒருவரோ சிலரோ சொந்த முயற்சியில் செய்வதும் உண்டு. இதைச் 'சுயாதீனக் கேம்' என்பார்கள். கதை எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், அதை அசைய வைக்க வேண்டும், சத்தம் சேர்க்க வேண்டும், கணினிக்கு விளங்கும் கட்டளைகளை எழுத வேண்டும், பிழை தேடித் திருத்த வேண்டும், கடைசியில் விற்கவும் வேண்டும். பஞ்சு எடுத்து நூல் நூற்பதில் தொடங்கி, நெய்து, தைத்து, கல்யாணப் புடவையைக் கடைக்குக் கொண்டு போவது வரை ஒரே பெண் செய்வதைப் போன்றது. விற்கும் நாள் வரை கையில் ஒரு சதமும் வராது.

இப்படிப்பட்ட வேலையில் களைப்பு வருவது இயற்கை. ஆனால் நான் சொல்வது அந்தக் களைப்பை அல்ல.

எரிந்து தீர்தல் என்பது என்ன?

ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்கிறார்கள். எண்ணெய் வற்றிய பிறகும் விளக்கு கொஞ்ச நேரம் எரியும். அப்போது எரிவது திரி. அதுதான் இது. இந்தச் சொல்லை உளவியலுக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஹேர்பேர்ட் பிராய்டன்பேர்கர். நாஜிகளின் ஜேர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர், எங்களைப் போல ஊர் இழந்தவர். நியூயோர்க்கில் தன் தொழிலுக்கு மேலாக ஏழைகளுக்கான இலவச மருந்தகம் ஒன்றிலும் உழைத்தார். அங்கே நல்ல மனதோடு வந்து சேர்ந்த தொண்டர்களும் தானும் படிப்படியாக வெறுமையாகிப் போவதைக் கண்டு, 1974ஆம் ஆண்டு அதைப் பற்றி எழுதினார்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. முதலாவது, உடம்பிலும் மனதிலும் சத்தே இல்லாமல் போவது. இரண்டாவது, முன்பு விரும்பிச் செய்த வேலை மேலேயே வெறுப்பு வருவது. மூன்றாவது, எவ்வளவு செய்தும் ஒன்றும் உருப்படியாக ஆகவில்லை என்ற எண்ணம். இது ஒரு நோயல்ல, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றும் அந்நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே, 'எனக்கு மனதில் பலமில்லை' என்று தன்னைத் தானே குற்றம் சொல்லக் கூடாது. வேலை எப்படி அமைந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வயல் விளையாட்டும் அதன் விலையும்

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் எரிக் பரோன் என்ற இளைஞர் 'ஸ்டார்டியூ வலி' என்ற கேமைத் தன்னந்தனியாகச் செய்தார். பாட்டனார் விட்டுச் சென்ற பாழடைந்த தோட்டத்தைத் திருத்தி, விதைத்து, ஊராரோடு பழகி வாழும் கதை. தொடங்கும்போது சிறிய வேலையாகத்தான் நினைத்தார். கடைசியில் நாலரை வருடம் ஆனது. வாரத்தின் ஏழு நாளும் உழைத்தார். வரைந்த படங்களைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்தார். 2016 பெப்ரவரியில் கேம் வெளிவந்தது. 2024 முடிவில் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

இந்தக் கதையை இளைஞர்கள் சொல்லும்போது விற்பனைக் கணக்கை மட்டும் சொல்வார்கள். அந்த வருடங்களில் வீட்டுச் செலவைப் பெருமளவில் தாங்கியவர், படித்துக்கொண்டே வேலை செய்த அவரது துணைவி. அவரும் ஒரு நாடக அரங்கில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை செய்தார். ஒருவர் தனியாகச் சாதித்தார் என்று சொல்லும் இடத்திலெல்லாம், பின்னால் அடுப்பு எரியவைத்த கை ஒன்றைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையாக இருக்கும்.

அந்தக் கை சும்மா இருக்காமல் பேசிய சம்பவமும் உண்டு. 2004 நவம்பரில், இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பனியில் வேலை செய்த ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் இணையத்தில் பகிரங்கக் கடிதம் எழுதினார். காலை முதல் இரவு வரை, ஞாயிறும் சேர்த்து, மேலதிக நேரத்துக்குச் சம்பளமும் இல்லாமல் வேலை வாங்குவதையும், வீட்டுக்கு வரும் மனிதர் எந்த நிலையில் வருகிறார் என்பதையும் எழுதினார். எரின் ஹோஃப்மன் என்ற அந்தப் பெண்ணின் பெயர் 2006இல்தான் வெளியே தெரிந்தது. அந்தக் காலத்தில் ஊழியர்கள் போட்ட வழக்குகளில் கம்பனி 3 கோடி டொலருக்கு மேல் கொடுத்துத் தீர்க்க வேண்டி வந்தது. வீட்டிலிருக்கும் பெண்தான் நோவை முதலில் காண்பவள். அவள் வாய் திறப்பதும் ஒரு வைத்தியம்தான்.

சிறியதாகச் செய்த வெண்பா

இனி எங்கள் மொழிக்காரர்களின் கதைக்கு வருவோம். கனடாவின் ரொறொன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு 2023 ஜூலை 31ஆம் திகதி 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா என்ற தாயின் கதை. தாய் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் பழுதாகி, எழுத்துகள் அழிந்து போயிருக்கும். விடுபட்டதைக் கண்டுபிடித்து இட்லி முதலான உணவுகளைச் சமைக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவளின் தனிமையும், பிள்ளை தமிழை மறப்பதும் அந்தச் சமையலுக்குள்ளேயே வரும்.

இந்தக் கேமை ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடித்துவிடலாம். நூறு மணித்தியாலம் ஓடும் கேம்களுக்கு நடுவில் இது சின்னஞ் சிறியது. ஆனால் 2024இல் சுயாதீனக் கேம்களுக்கான சர்வதேச விழாவின் முதற் பரிசையும், பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் அறிமுகப் படைப்புக்கான விருதையும் அதுவே பெற்றது. பெரிதாகச் செய்தால்தான் மதிப்பு என்பது பொய் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் செய்தது

மகள் குழுவின் கேம், வயலில் இரவுக் காவலிருக்கும் ஒரு சிறுமியின் கதை. பரணில் விளக்கேற்றி, தகரம் தட்டி, யானையைக் கொல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். முதலில் அவர்கள் போட்ட திட்டத்தில் விதைப்பு, வெள்ளாமை வெட்டு, கல்யாணம், குளத்து மீன்பிடி என்று முப்பது கட்டங்கள் இருந்தன. நாலு மாதத்தில் இரண்டு கட்டம் முடிந்தது. "முடிச்சிட்டுப் படுக்கிறன் உம்மா" என்று சொல்லிச் சொல்லி, சுபஹு பாங்கு சொல்லும் வரை விழித்திருந்தாள். பிறகு படம் வரையும் பிள்ளை, பென்சிலைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்றாள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன இரண்டாவது அடையாளம் அது.

மூவரையும் உட்கார வைத்து ஒரு கேள்விதான் கேட்டேன். "தூக்கத்தை வெட்டுறீங்களே மகள், வேலைய வெட்டினா என்ன?" அன்றைக்கு முப்பது கட்டத்தை ஒரே ஓர் இரவாகச் சுருக்கினார்கள். அந்த இரவுக்கு ஐந்து சாமம், ஐந்து கட்டம். மீதியை ஒரு கொப்பியில் எழுதி மூடி வைத்தார்கள். அழிக்கவில்லை, பிறகு செய்யலாம் என்று வைத்தார்கள். அதன் பிறகு பிள்ளைகளின் முகம் தெளிந்தது.

நேரத்துக்கும் வரம்பு வைத்தோம். அஸர் தொழுகைக்குப் பின் கணினி மூடப்படும். மாலையில் மகள் சிறுபிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள்; அந்தச் சிறிய வருமானம் மனதுக்குத் தெம்பு. வெள்ளிக்கிழமை வேலை இல்லை. காரைதீவுப் பிள்ளை தன் வழிபாட்டு நாளை எடுத்துக்கொள்வாள். உடம்புக்கும் எங்கள் மேல் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு எடுத்துச் சொன்னதை நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதைப் பிள்ளையின் கால அட்டவணையிலும் எழுத வேண்டாமா?

யுத்தத்தைக் கண்டவர்களுக்கு ஓய்வு இலேசல்ல

'ஓய்வெடுங்கள்' என்று சொல்வது இலகு. எங்கள் தையல் குழுவில் ஒரு ராத்தா சொல்வார், "கை சும்மா இருந்தா மனசு பின்னால ஓடுது தங்கச்சி" என்று. யுத்தத்திலும் சுனாமியிலும் ஆட்களைப் பறிகொடுத்த எத்தனையோ பெண்களுக்கு வேலைதான் நினைவை அடைக்கும் கதவு. அவர்களிடம் வேலையை நிறுத்தச் சொன்னால் பயம்தான் வரும். ஆகவே அவர்களுக்குத் தனிமையான ஓய்வைவிடக் கூட்டான ஓய்வு நல்லது. நாலு பேர் சேர்ந்து பன்னை வார்வது, தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்பது, பின்னேரம் குளக்கட்டில் நடப்பது. கை அசையும், பேச்சு ஓடும், ஆனால் பாரம் இறங்கும்.

பிள்ளைகளின் கேமில் முதலில் யானை வெடிச் சத்தம் வைத்திருந்தார்கள். அதைக் கேட்ட என் உம்மா கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளே வெடிச் சத்தத்தை எடுத்துவிட்டுத் தகரச் சத்தத்தைப் பதிவு செய்தாள். தகரம் தட்டிக் கொடுத்தது உம்மாதான்! மனவடுவைத் தொடும் விஷயங்களோடு நாள் முழுக்க உழைப்பது இரட்டைச் சுமை. அப்படிப்பட்ட பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்வது நல்லது.

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. தொடங்கும்போதே முடியும் அளவைத் தீர்மானியுங்கள். பின்தங்கினால் நேரத்தைக் கூட்டாமல் வேலையைக் குறையுங்கள்.

2. நாள் முடிவுக்கு ஓர் அடையாளம் வையுங்கள். பாங்கோ, கோயில் மணியோ, பிள்ளை பள்ளியால் வரும் நேரமோ ஆகலாம்.

3. கனவு வேலைக்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். வாராவாரம் வரும் தவணை, இரவுத் தூக்கத்தைத்தான் முதலில் பறிக்கும். இந்தியாவில் பூனே நகரத்தில் 'ராஜி' என்ற கேமைச் செய்தவர்கள், 2017இல் பொதுமக்களிடம் நிதி சேர்க்க எடுத்த முயற்சி கைகூடாமல் போய், ஒருவர் தன் வீட்டையே விற்று வேலையைத் தொடர்ந்தார்கள். 2020இல் கேம் வெளிவந்தது. ஒரு தடவை வீட்டை இழந்து திரும்பக் கட்டியவர்கள் நாங்கள். அந்தப் பந்தயம் எங்களுக்கு வேண்டாம்.

4. செலவில்லாமல் பழகுங்கள். 'கோடோ' போன்ற கேம் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

5. வீட்டு வேலையும் வேலைதான். பிள்ளை கணினி முன்னால் இருக்கிறாள் என்பதற்காகத் தாய் எரிந்து தீரக் கூடாது. தாய்க்கு உதவி என்பதற்காக மகளும் இரண்டு சுமை தூக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள்.

6. வாரத்துக்கு ஒருமுறை செய்ததை யாருக்காவது காட்டுங்கள். 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற எண்ணத்துக்கு அதுதான் மருந்து.

7. வேலையை நிறுத்தியும் வாரக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழ்வதில் விருப்பமில்லை என்றால் அது வேலைச் சோர்வு மட்டுமல்ல. அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இதில் வெட்கம் எதுவுமில்லை.

சகோதரிகளே, நாங்கள் உழைக்கத் தெரியாதவர்கள் அல்ல. அகதி முகாமிலும் அடுப்பு மூட்டியவர்கள். எங்களுக்குக் கற்றுத் தரப்படாதது நிறுத்தத்தான். ஒரு வேலையைச் சிறியதாக எடுத்து, முழுதாக முடித்து, அடுத்ததற்கு உடம்பில் தெம்பை மிச்சம் வைப்பதை எங்கள் பெண் பிள்ளைகளாவது பழகட்டும்.