சவுக்கா, வேலிகாத்தானா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் கடல் நெருங்க நெருங்க மண் மணலாகிறது, சவுக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட இந்த மரம் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கரையோரங்களில் பரவ முக்கியக் காரணமே விறகுதான். அன்றைய ரயில் எஞ்சின்களின் பசி அப்படி.

சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் சத்தில்லாத மணலிலும் மளமளவென்று வளர்ந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். நேராக ஓடும் கட்டை என்பதால் வெட்டவும் அடுக்கவும் வசதி. நல்ல கழிகள் சாரத்துக்கும் பந்தலுக்கும், மற்றவை காகித ஆலைக்கும் போக, மிலாறும் வேர்க்கட்டையும் அடுப்புக்கு மிஞ்சும். முழுக்கக் காயாவிட்டாலும் பற்றிக்கொள்வது இதன் தனிக்குணம்.

வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலத்தை யாரும் நட வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இது ஏரி, புறம்போக்கு என்று எங்கும் தானே முளைக்கிறது. கோணல் கட்டை, போதாததற்கு முள். வெட்டுபவர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் அடுப்பில் வைத்தால் கங்கு நெடுநேரம் நிற்கும். கரி மூட்டம் போடுகிறவர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

புளியங்கட்டையும் நன்றாக எரியும், பிளப்பதுதான் பெரும்பாடு. முருங்கையும் இலவும் பொசுக்கென்று எரிந்து தீரும்.

இத்தனை வேறுபாடு இருந்தும், நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு எந்த மரமானாலும் ஏறக்குறைய 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். வேறுபடுவது அடர்த்தி: ஒரே அளவுக் கட்டையில் சவுக்கு இலவைவிடப் பல மடங்கு கனம். மேலை நாடுகளில் விறகை அடுக்கின் கன அளவில் விற்பதால் அங்கே மரத்தின் பெயருக்குத் தனி மதிப்பு. நம்மூரில் டன் கணக்கில் எடை போடுகிறார்கள். ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஈரத்தை.

பச்சைக் கட்டையின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அதில் ஒரு கிலோவை ஆவியாக்கவே சுமார் 600 கிலோகலோரி செலவாகும். ஒரு டன் பச்சை விறகில் கிடைக்கும் வெப்பம், ஒரு டன் காய்ந்த விறகில் கிடைப்பதில் பாதிக்கும் கீழே போகலாம், புகை வேறு. வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை எளிதாகக் கழல்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு கட்டைகளைத் தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அடங்கும்.