ரத்தம் சிந்தாத காயங்கள்

வித்துரா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் நம் மக்களுக்கு இது புரியும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் பட்டையில் முடிச்சு விழும். அந்தத் தழும்பு பிறகு மறைவதில்லை. அத்தகைய தழும்பையே படமாக்கினார் சிற்பி சோம்நாத் ஹோர்.

1921-ல் சிட்டகாங் ஜில்லாவில் பிறந்தவர். 1943 வங்காளப் பஞ்சத்தில் தெருவோரம் விழுந்து கிடந்தவர்களைக் கம்யூனிஸ்டுக் கட்சிப் பத்திரிகைக்காக வரைந்தார். கல் அச்சு, உலோகத்தகட்டு அச்சு எல்லாம் கைவந்தவர். சாந்திநிகேதனில் அச்சுக்கலை கற்பித்தார்.

1970-களில் ‘காயங்கள்’ வரிசை வந்தது. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் பொசுக்கி, அதன்மேல் சிமெண்டு வார்த்து அச்செடுப்பார். அந்த அச்சில் காகிதக் கூழை அழுத்திக் காய வைப்பார். பெரும்பாலும் மை கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கீறல், அவ்வளவே. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளம் தெரியும்.

‘வெறும் தாள்தானே’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக மனிதரை வரைந்தவர், முப்பது ஆண்டு கழித்து ஆளை எடுத்துவிட்டு அடியை மட்டும் வைத்திருக்கிறார். வெட்டுப்பட்ட மரம், லாரிச் சக்கரம் கிழித்த சாலை, கத்திக்குத்துப் பட்ட மனிதன் மூன்றும் அவருக்கு ஒன்றே.

2006-ல் காலமானார். பத்மபூஷண் மறு வருஷம்தான் வந்தது.