அரைக் கிலோ ஓவியப் பை

போளூரில் பஸ் ஏறும்போது சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. ஜவ்வாது மலையின் வளைவுகளையெல்லாம் சுற்றி ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது, பாக்கெட்டின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நீலக் கறை. ஊற்றுப்பேனா கக்கியிருந்தது. முன் இருக்கைப் பையனின் கையில் சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல் உப்பியிருந்ததைப் பார்த்ததும்தான் விஷயம் உறைத்தது.

சமவெளியிலிருந்து அறுநூறு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஆறேழு விழுக்காடு குறைந்துவிடும். வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரியும். சிப்ஸ் பாக்கெட்டுக்கு உப்ப இடமிருக்கிறது, பேனாவுக்கு இல்லை. பாதி மை தீர்ந்த பேனாவில் ஒரு மில்லி காற்று இருந்தால், அது ஏறத்தாழ 0.07 மில்லி விரிந்து, அதே அளவு மையை நிப்பு வழியாக வெளியே தள்ளும். ஒன்றரைச் சொட்டுதான். ஒரு சட்டையைக் கெடுக்க அது போதும். பேனாவை முழுக்க நிரப்பிக்கொண்டோ முழுக்கக் காலி செய்துகொண்டோ, நிப்பு மேலே பார்க்கும்படி செருகிக்கொண்டு ஏறியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது.

வம்பு அத்தோடு முடியவில்லை. மாலையில் கோமுட்டேரிக் கரையில் உட்கார்ந்து அதே பேனாவால் வரைந்தேன். தூறல் போட்டது. ஏரியும் கரையும் மரங்களும் ஒன்றோடொன்று கரைந்து, தாளில் மிஞ்சியது நீலத் திட்டு மட்டும்.

பயணத்தில் படம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “என்னென்ன வாங்கணும்?” என்பதைத்தான். கடைக்காரரும் 48 வண்ணப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பொருள் எதனால் ஆனது? மழையும் வெயிலும் பட்டால் அது என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பை தானாகவே சிறுத்துவிடும்.

பல்லக்கில் போன ஓவியர்கள்

ஜவ்வாது மலைக்கு மேற்கே பாரமகால் சீமை. இன்றைய கிருஷ்ணகிரி வட்டாரம். 1792-93இல் சென்னையிலிருந்து கிளம்பித் தென்னாட்டைச் சுற்றிய ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்த வழியாகப் போனார்கள். ராயக்கோட்டை, ஜெகதேவி முதலான மலைக்கோட்டைகளை அப்போது வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களில் இந்தக் கோட்டைகளும் உண்டு.

அவர்கள் தோள்பையோடு போகவில்லை. பல்லக்கு, அதைத் தூக்க ஆட்கள், கூடாரம், சாமான் சுமக்க ஆட்கள் என்று ஒரு சிறு ஊர்வலமே கூடப் போனது. சாமான்களில் ‘கேமரா அப்ஸ்க்யூரா’ என்ற இருட்டுப் பெட்டியும் ஒன்று. லென்ஸ் வழியாக வரும் ஒளி எதிரே இருக்கும் காட்சியைத் தாளில் விழவைக்கும். கோடு பிசகாமல் பென்சிலால் அதன்மேலே வரைந்துகொள்ளலாம். கேமராவின் முப்பாட்டன் என்று சொல்லலாம்.

ஆனால், அவர்கள் காலத்திலேயே பையைச் சிறிதாக்கும் வேலை தொடங்கிவிட்டது. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் நீர்வண்ணத்தைச் சிறு கட்டிகளாக வார்த்து விற்றார்கள். அதற்காக 1781இல் அங்குள்ள கலைச் சங்கம் அவர்களுக்கு வெள்ளி வண்ணத்தட்டு கொடுத்துப் பாராட்டியது. அதுவரை ஓவியர் வண்ணப் பொடியைக் கல்லில் அரைத்துக் குழைக்க வேண்டும். இனிமேல் ஈரத் தூரிகையால் தொட்டால் போதும்.

பொடி, பிசின், தாள்

வண்ணப் பெட்டி எவ்வளவு விலையானாலும் அதற்குள் இருப்பவை முக்கியமாக இரண்டுதான். நிறம் தரும் பொடி ஒன்று. அதைத் தாளோடு ஒட்டவைக்கும் பிசின் மற்றொன்று. நீர்வண்ணத்தில் இருப்பது வேல மரப் பிசின். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வளரும் மரத்திலிருந்து அது வருகிறது. நம் ஊர்க் கருவேலம் பிசின் அதற்கு நெருங்கிய சொந்தம். காய்ந்தால் கெட்டியாகும், தண்ணீர் பட்டால் மீண்டும் இளகும். பயணிக்கு வேண்டிய குணம் இதுவே. அக்ரிலிக் வண்ணம் அப்படியல்ல. காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகிவிடும். தட்டில் காய்ந்தது குப்பைதான். அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், மலைக்கு வேண்டாம்.

வெறும் பிசின் மட்டும் இருந்தால் கட்டி வெயிலில் வெடித்து உதிரும். அதைத் தடுக்க ரீவ்ஸ் சகோதரர்கள் சேர்த்தது தேன். தேனில் உள்ள சர்க்கரை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டி லேசாக இளகியபடியே இருக்கும். இன்று பல நிறுவனங்கள் கிளிசரின் சேர்க்கின்றன. சில இன்னும் தேனையே விடவில்லை. ஜமுனாமரத்தூர்ச் சாலையோரத்தில் மலைத்தேன் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வண்ணப் பெட்டிதான் ஞாபகம் வரும். தேனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐப்பசி மழையில் பெட்டியை ஈரத்தோடு மூடிவைத்தால் கட்டிகள் பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும். வரைந்து முடித்ததும் கால் மணி நேரம் திறந்துவைத்துக் காயவிட வேண்டும்.

பொடியில்தான் ஏமாற்று அதிகம். நிறம் தருபவை இரண்டு சாதி: நீரில் கரையும் சாயம், கரையாத நிறமி. மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை வெளுத்துப்போவது தெரியும்தானே? கரிமச் சேர்மமான சாயத்தின் பிணைப்புகளைப் புற ஊதா ஒளி உடைப்பதால்தான் அந்த வெளுப்பு. மலிவான பெட்டிகளில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் இந்தச் சாதி.

இதற்கு நேர்மாறு, காலில் ஒட்டும் செம்மண். அதன் நிறம் இரும்பு ஆக்சைடு. இரும்பு ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்துவிட்டது. அதற்குமேல் வெயில் அதை என்ன செய்யும்? மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறிச் சிவப்புக் காவி ஆகிறது. இதையே அழகான டியூபில் அடைத்து ‘பர்ன்ட் சியன்னா’ என்று விற்கிறார்கள்.

ஆம்பூர் அருகே மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. அதன் கூரையில் சமண ஓவியங்கள். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். சித்தன்னவாசல் ஓவியங்களோடு இவற்றை ஒப்பிடுவது வழக்கம். சித்தன்னவாசலின் நிறங்களைச் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்திருக்கிறார். முக்கியமான நிறங்களில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி. ஆயிரம் ஆண்டு தாண்டிய ஓவியங்களின் வண்ணப் பட்டியல் அவ்வளவு சிறியது.

ஆகவே 48 நிறம் வேண்டாம். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், சுட்ட காவி, நான்கு போதும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் சாமை வயலின் பச்சை. நீலமும் காவியும் எதிர் நிறங்கள். ஒன்று விட்டுவைக்கும் ஒளியை மற்றது விழுங்கிவிடுவதால் சாம்பல், கறுப்பு, பாறையின் நிறமெல்லாம் இந்த இரண்டிலேயே கிடைக்கும். தூரத்து மலைக்குத் தண்ணீர் கலந்த நீலம் மட்டும் போதும். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், பச்சை மலையும் தள்ளிப்போனால் நீலமாகிவிடுகிறது. அல்ட்ராமரீன் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுத்த விலையுயர்ந்த சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆலையில் செய்யத் தொடங்கிய பிறகு, வெள்ளை வேட்டிக்குப் போடும் சலவை நீலத்தூளாகவே அது நம் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது.

கடுக்காயும் அரிவாள்மனையும்

தூறலில் கரைந்த என் பேனா மை, சாயம். மழையைத் தாங்கும் மை வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, கரித்துகள் மிதக்கும் நிறமி மை. கடைகளில் ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதிய பேனாக்களில் இருப்பது. மற்றொன்று இந்த மலையிலேயே காய்க்கிறது.

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரியும். அரிவாள்மனை கறுத்துவிடும், விரலும் கறுக்கும். துவர்ப்பான பொருளில் உள்ள டானின், இரும்போடு சேர்ந்தால் நீரில் கரையாத கறுப்பு உண்டாகிறது. ஜவ்வாது மலை மக்கள் காட்டில் பொறுக்கி விற்கும் கடுக்காயில் டானின் மிக அதிகம். தோல் பதனிட அது உதவுவதும் இதனால்தான். கலம்காரி ஓவியர்கள் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைக்கிறார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீரை மூங்கில் பேனாவில் தொட்டு அதன்மேல் கோடு இழுத்தால், வெளுத்த கோடு கண்ணெதிரே கறுத்துவரும்.

பள்ளிப் பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு இரண்டு நாள் விட்டால் மை தயார். ஊற்றுப்பேனாவில் ஊற்றக் கூடாது, அடைத்துக்கொள்ளும். குச்சியில் தொட்டு வரையலாம்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாதவருக்குப் பென்சில் இருக்கிறது. பென்சிலில் ஓடுவது கிராஃபைட். கார்பன் அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தாளில் ஒட்டிக்கொள்ளும். கரையாது, கசியாது, வெளுக்காது. இங்கிலாந்தோடு நடந்த போரால் நல்ல கிராஃபைட் கிடைக்காமல்போக, 1795இல் பிரான்சின் நிக்கோலா ழாக் காந்தே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பார்த்தார். களிமண் கூடினால் கெட்டி, அது எச். குறைந்தால் மென்மை, அது பி. பயணத்துக்கு எச்பி ஒன்று, 4பி ஒன்று. பத்துப் பென்சில் செட் தேவையே இல்லை.

தாளின் கணக்கு

ஒரே ஒரு பொருளில்தான் பணம் செலவழிக்கலாம் என்றால், தாளில் செலவழியுங்கள். அட்டையில் ‘ஜி.எஸ்.எம்.’ என்று போட்டிருக்கும் எண், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் ஜெராக்ஸ் கடையின் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று ஐந்து கிராம். அதில் நீர்வண்ணம் பூசினால் அப்பளம்போல் நெளியும். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஈரம் பட்டால் இழைகள் நீளத்தில் அதிகம் மாறாமல் குறுக்கில் தடிக்கும். நனைந்த இடம் விரியப் பார்க்கும், சுற்றிலும் காய்ந்த இடம் விடாது. போக வேறு வழியில்லாமல் தாள் மேடு பள்ளமாகிறது. 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போனால் இந்த நெளிவு அடங்கும். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதம் இன்னும் நல்லது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959 முதல் செய்துவருகிறது.

ஏ5 அளவில் 200 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 6.25 கிராம். முப்பது தாள் நோட்டு, அட்டை தவிர 190 கிராமுக்குள் அடங்கும். வண்ணப் பெட்டி, தூரிகை, பென்சில், கிளிப், துடைக்கத் துணி எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. தண்ணீர் எப்படியும் கையில் இருக்கும்.

தூரிகை ஒன்று போதும்: நுனி கூரான, 8ஆம் எண் வட்டத் தூரிகை. முடிகளுக்கு நடுவே உள்ள நுண்ணிடைவெளியில் நீர் ஏறி நிற்கும். பரப்பு இழுவிசை முடிகளைக் கூட்டி நுனியை ஊசியாக்கும். வாங்கும்போது முடி எதுவென்று கேளுங்கள். கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்போம். அந்தக் கீரியின் முடிக்காகவே ஆயிரக்கணக்கில் கொல்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடித் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019இல் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் இதற்காகவே ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. நைலான் தூரிகை விலையும் குறைவு, நெஞ்சும் உறுத்தாது. கழுவிய நீரைச் சுனையிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள்; சில நிறமிகளில் காட்மியமும் கோபால்ட்டும் உண்டு.

காவலூர் இரவு

ஜவ்வாது மலைக்கு வந்து இருட்டை வரையாமல் போகக் கூடாது. காவலூர் வானாய்வகத்தில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1988இல் இந்த ஆய்வகத்தில் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்று கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியிருக்கிறது. விண்மீன்களை வரைய அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டாம். வெறும் கண் போதும், அதைப் பழக்க வேண்டும். இருட்டில் பார்க்கும் கோல் செல்களில் ரோடாப்சின் நிறைய இருபது, முப்பது நிமிடம் ஆகும். செல்போனை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் வீண். சிவப்பு ஒளியை ரோடாப்சின் அவ்வளவாக உறிஞ்சாது. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு, வெள்ளைத் தாளில் 4பி பென்சிலால் புள்ளி வையுங்கள். மங்கலான மீனுக்குச் சிறு புள்ளி, பிரகாசமானதற்குப் பெரியது. சிவப்புப் பென்சிலை மட்டும் எடுக்காதீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் தாளும் கோடும் ஒரே நிறமாகி, கோடு காணாமல் போய்விடும்.

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனின் கரும்புள்ளிகளையும் தீநாக்குகளையும் வண்ணம் பிரித்துக் கையால் வரைந்துவந்தார்கள். அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றி இன்றும் சூரியனை ஆராய்கிறார்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்களிடமுள்ள எல்லா நிறத்தையும் மையையும் ஒரு தாளில் பட்டை பட்டையாக இழுத்து, பாதியை அட்டையால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவையுங்கள். என் வீட்டு ஜன்னலில் பங்குனியில் ஒட்டியதைச் சித்திரையில் பிரித்தேன். இளஞ்சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஊதா சாம்பலாகியிருந்தது. காவியில் மட்டும் அட்டை எதுவரை மறைத்திருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.